அலைக்குக் கார்டு தெரியாது, நமக்குத் தெரியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

‘பேரிடரில் மக்கள் படும் பாட்டுக்குப் பெரிதும் காரணம் இயற்கையே’ என்று வாதாடிய எதிரணித் தலைவர் கேட்டார்: “சுனாமி என்ன, ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டா ஊருக்குள் வந்தது?” கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஐயா, அலை கார்டைப் பார்க்கவில்லை. அதன் பின்னால் வந்த நிவாரணம் கார்டைப் பார்த்துத்தானே வந்தது?

தானே புயல் நினைவிருக்கிறதா? 2011 டிசம்பர் 30. நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தோப்புக்காரருக்கும் அடி, அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கிப் பிழைத்த ஒரு பாட்டிக்கும் அடி. கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். ஒன்று, இரண்டு என்று விழுந்த மரங்களை எண்ணிக்கொண்டே போகிறார்கள். பாட்டியும் பின்னாலேயே போகிறார். “தம்பி, வேலியோரத்து மரம் விட்டுப்போயிற்று, பாருங்கள்” என்று எடுத்துக் கொடுக்கிறார். எது முதலில் பூக்கும், எதில் கொட்டை பருமன், எல்லாம் அவருக்கு அத்துப்படி. எண்ணி முடித்து நோட்டை மூடும்போது கேட்டார்: “என்னை எதில் எழுதினீர்கள்?”

“உங்களுக்கு நிலம் எவ்வளவு பாட்டி?”

“நிலம் இல்லை.”

“மரம்?”

“மரமும் இல்லை.”

“அப்படியானால் உங்களுக்கு நஷ்டம் இல்லையே!”

கேட்டீர்களா? கூரை பறந்துவிட்டது. நஷ்டம் இல்லை! கூலி போய்விட்டது. நஷ்டம் இல்லை! கன்று நட்டு அது காய்க்கும்வரை அடுப்பெரிய வழியில்லை. அப்போதும் நஷ்டம் இல்லை! அந்தப் பதிலைச் சொன்னது புயலா ஐயா?

சமூக நிகழ்வுக்குச் சமூகத்துக்குள்ளேயே காரணம் தேடச் சொன்னார் பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்கைம். அது போதாது, மனிதன் இயற்கைக்கு விலக்கானவன் அல்லன் என்று 1978-இல் கேட்டன், டன்லப் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியல் அறிஞர்கள் எழுதினார்கள். எதிரணியினர் அவர்களைத் துணைக்கு அழைக்கட்டும். இயற்கைக்கு உட்பட்டுத்தான் வாழ்கிறோம் என்பதில் சண்டையே இல்லை. அடி யார்மேல் எவ்வளவு விழுகிறது என்பதுதான் வழக்கு.

நண்பர் தொடங்கிய அலைக்கே வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. இந்த மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் பதிவு செய்தது. அலைக்கு ஆண், பெண் தெரியுமா? தெரியாது. ஆழ்கடலில் படகுக்கு அடியில் தெரியாமல் கடந்த அலை, கரைக்கு வந்துதான் எழுந்து நின்றது. கரையில் கூடையோடு மீனுக்குக் காத்திருந்தது யார்? பையனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தோம், மரம் ஏறவிட்டோம். பெண்பிள்ளையை விட்டோமா?

இடுப்பில் கைக்குழந்தை, கையில் மூத்தது, காலைச் சுற்றிய புடவை. பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பாள். விடவில்லை ஐயா, அவள் விடவில்லை! இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களின் வீட்டிலேயே அவள் படம் மாலையோடு தொங்கும். எதிரணித் தலைவரே, அந்தப் படத்தின் முன் நின்று, ‘அம்மா, உன்னைக் கொன்றது கடல் மட்டும்தான்’ என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. நடுவர் அவர்களே, உங்களாலும் முடியாது என்று நம்பி அமர்கிறேன். வணக்கம்.