விலையில் அல்ல, துல்லியத்தில்தான் போட்டி

மருத்துவக் கருவித் தொழிலில் இருக்கும் நண்பர்களே,

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் கருவி பல்ஸ் ஆக்சிமீட்டர். 2021 கொரோனா இரண்டாம் அலையில் தேடியும் கிடைக்காத அது இன்று தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கிறது. அந்த ஜூலையிலேயே தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதன் வணிக லாபத்துக்கு 70 சதவீத வரம்பு விதித்துவிட்டது. இன்னும் பத்து ரூபாய் குறைத்து யாரும் நிலைக்கப் போவதில்லை. துல்லியத்தில் நிற்பவருக்கே இனி இடம்.

கருவிக்குள் 660 நானோமீட்டரில் ஒரு சிவப்பு எல்இடி, 940இல் ஒரு அகச்சிவப்பு எல்இடி, விரலுக்கு எதிரே ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடயோடு. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் இரண்டு ஒளியும் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று விகிதம் எடுக்கிறோம். 1974இல் ஜப்பானின் டக்குவோ அவோயாகி காட்டிய வழி. விகிதம் 1 என்றால் ரத்த ஆக்சிஜன் ஏறத்தாழ 85 சதவீதம். எந்த விகிதத்துக்கு எத்தனை சதவீதம் என்னும் இந்த அட்டவணை வெறும் கணக்கில் வருவதில்லை. ஆரோக்கியமானவர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, ரத்த ஆக்சிஜனை 70 சதவீதம் வரை படிப்படியாக இறக்கி, படிக்குப் படி தமனி ரத்தம் எடுத்து ஒப்பிட்டு உருவாக்குகிறார்கள். 70க்குக் கீழே காட்டுவதெல்லாம் ஊகம்.

யாரை வைத்து ஒப்பிட்டார்கள் என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவின் பழைய வழிகாட்டுதலுக்குப் பத்துப் பேர் போதும், அதில் கருந்தோல் உடையவர் இருவர். 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் உண்மையில் 88க்குக் கீழே இருந்தவை, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6. அந்த நோயாளிக்கு ஆக்சிஜன் தாமதமாகும். இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஜனவரியில் வந்த அமெரிக்கப் புதிய வழிகாட்டுதல் வரைவு 150 பேரைக் கேட்கிறது. மாநிறம் முதல் கருநிறம் வரை எல்லாத் தோலும் நம் ஊரிலேயே உண்டு. இந்தச் சோதனையை இங்கே செய்து காட்டுபவருக்கு ஆப்பிரிக்கச் சந்தையும் திறக்கும்.

பாகங்களிலும் கவனம் வேண்டும். சிவப்பு எல்இடியின் அலைநீளம் சில நானோமீட்டர் தள்ளிப்போனாலே எண் பிசகும். ஆகவே தரம் பிரித்த எல்இடிகளையே வாங்குங்கள்; அல்லது அலைநீளத்தைச் சொல்லும் குறியீட்டு மின்தடையைச் சென்சாரில் வையுங்கள். விரல் குளிர்ந்து ரத்த ஓட்டம் மெலிந்தால் சிக்னல் இரைச்சலில் மூழ்கும். அப்போது திரை கோடு காட்டட்டும், எண் வேண்டாம். பென்சிலைச் செருகினாலும் 98 காட்டிய மலிவுக் கருவிகள் செய்யத் தவறியது இதைத்தான்.

பச்சிளங்குழந்தைக்கான சென்சாரில் இன்னும் நிறைய இடமிருக்கிறது. பிறவி இதயநோய்ப் பரிசோதனையில் வலது கையிலும் ஒரு காலிலும் அளந்து, 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சிறிய பாதத்தில் நழுவாமல் நிற்கும், துடைத்துத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய சுற்றுப்பட்டை சென்சாரை முதலில் வடிவமையுங்கள்.