நோயுற்ற தாய்க்கு ஒரு கிட்டார் தொகுப்பு

(இசை ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்து உதவிய பள்ளித் தாளாளர் அவர்களே, நம் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லித்தரும் மாஸ்டர் அவர்களே, வேலை முடிந்த களைப்பையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் ஐயா என்னைப் பற்றிச் சொன்ன நல்ல சொற்கள் அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகின்றன. அவருக்கு என் நன்றி. அறுவைச் சிகிச்சைப் பணிகளுக்கு இடையே நேரம் ஒதுக்கி மருத்துவர் அம்மா வந்திருக்கிறார். இந்தப் பேச்சின் பின்பாதி அவரை முன்னிட்டே அமைந்தது என்பதால், கடைசி வரை இருந்து கேட்க வேண்டும் என்று மேடையிலிருந்தே உரிமையோடு வேண்டிக்கொள்கிறேன். தாளாளர் அவர்கள் அரங்கோடு ஒலிபெருக்கியையும் தந்திருக்கிறார் என்பதை இந்த அவை மறக்கக் கூடாது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர் பக்கெட்ஹெட் என்ற பெயரில் உலகம் அறிந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர். இயற்பெயர் பிரையன் பேட்ரிக் கரோல். 1969இல் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். இவரைப் பற்றி நான்கு செய்திகள் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். எவ்வளவு இசை செய்தார் என்பது ஒன்று, எப்படி வாசிக்கிறார் என்பது மற்றொன்று, பெரிய நிறுவனங்களைச் சாராமல் தம் இசையை எப்படி விற்கிறார் என்பது மூன்றாவது, 1998இல் வந்த ‘கோல்மா’ என்ற இசைத் தொகுப்பு எதற்காகப் பிறந்தது என்பது நான்காவது.

முதலில் அளவு. 2011இல் இவர் ‘பைக்’ என்ற பொதுப் பெயரில், வரிசை எண்ணிட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடும் சிறு தொகுப்புகளை வெளியிடத் தொடங்கினார். 2014இல் மட்டும் 60 தொகுப்புகள் வந்தன. அடுத்த ஆண்டு, 2015இல், 118 தொகுப்புகள். அந்த ஆண்டு அக்டோபர் மாதம் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் திருநாளை எதிர்நோக்கி நாளுக்கு ஒன்றாக வெளியிட்டார். இந்த வரிசை 300ஐத் தாண்டிப் பல காலம் ஆகிறது. பெரும்பாலானவற்றில் பாட்டு வரி கிடையாது, கிட்டார்தான் பேசுகிறது. இவ்வளவு செய்தால் தரம் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் விடை ஒன்றுதான்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். எல்லாத் தொகுப்பும் ஒரே உயரத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் நாள்தோறும் செய்துகொண்டே இருக்கிற கைக்கு மட்டும் கிடைக்கிற ஒரு தெளிவு உண்டு. தயங்கித் தயங்கி ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்கிறவருக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை.

2007இல் ‘இன் சர்ச் ஆஃப் தி’ என்ற பெயரில் பதின்மூன்று குறுந்தகடுகள் கொண்ட ஒரு தொகுதியைக் கொண்டுவந்தார். அச்சகத்துக்கும் ஆலைக்கும் அனுப்பாமல், தகடுகளைத் தாமே பதிந்து, உறைகளில் தம் கையாலேயே படம் வரைந்து, எண்ணிட்டு அனுப்பினார். சித்திரமும் கைப்பழக்கம் என்பதை நம் பெரியவர்கள் உவமையாகச் சொன்னார்கள். இவரோ அதை எழுத்துக்கு எழுத்து செய்தே காட்டியிருக்கிறார்.

வாசிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாஸ்டர் இருக்கும் அவையில் அதற்கு மேல் நான் விரிப்பது முறையாகாது. இளமையில் பால் கில்பர்ட் என்ற புகழ்பெற்ற கிட்டார் கலைஞரிடம் பாடம் கேட்டவர். 2000 முதல் 2004 வரை கன்ஸ் அன்ட் ரோசஸ் என்ற அமெரிக்க ராக் குழுவில் வாசித்தவர். லெஸ் பால் என்ற வகையைச் சேர்ந்த வெள்ளை நிற மின்கிட்டாரில் சிவப்புப் பொத்தான்களைப் பொருத்தியிருப்பார். அதை அழுத்தினால் ஒலி அறுபடும், விட்டால் வரும்; நீட்டி ஒலிக்கும் ஒரு சுரத்தை விரலால் அந்தப் பொத்தானைத் தட்டித் தட்டியே நறுக்கித் தாளமாக்கிவிடுவார். முகத்தில் வெள்ளை முகமூடியும், தலையில் கவிழ்த்த கோழிக்கறி வாளியுமாகத்தான் மேடைக்கு வருவார். ஓர் இரவு வறுத்த கோழியைத் தின்றுகொண்டிருந்தவர், முகமூடியை அணிந்து, காலி வாளியைத் தலையில் கவிழ்த்துக் கண்ணாடியில் பார்த்தாராம். அந்தக் கணத்திலேயே பெயரும் பிறந்துவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். கூச்ச சுபாவம் மிக்க ஒருவருக்கு அந்த வாளி எவ்வளவு பெரிய காப்பு என்பதை மேடை ஏறிய எவரும் உணர்வார்கள்.

இனி கோல்மா. இது ஓர் ஊரின் பெயர். அந்த ஊரின் கதையைச் சொல்லாமல் தொகுப்பைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை, ஆகவே அவை பொறுத்தருள வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் மனை விலை ஏற ஏற, செத்தவர்களுக்கு ஆறடி நிலம் கொடுப்பதுகூடப் பெரும் செலவு என்று நகரத்தார் நினைக்கத் தொடங்கினார்கள். 1900இல் நகர எல்லைக்குள் இனிப் புதைக்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே புதைக்கப்பட்டவர்களும் வெளியேற வேண்டும் என்று பின்னர் கல்லறைகளுக்கே நோட்டீஸ் கொடுத்தார்கள். உயிரோடு இருப்பவனுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வருவதை நாம் கண்டிருக்கிறோம். செத்தவனுக்கு நோட்டீஸ் வந்த ஊர் அது. உறவினர் இருந்து பணம் கட்டினால் தனிக் குழியும் கல்லும் கிடைக்கும். கேட்க நாதியில்லாதவர்களைத் தோண்டி எடுத்துத் தெற்கே கொண்டுபோய் ஒன்றாகப் புதைத்தார்கள். அவர்களுடைய கல்லறைக் கற்கள் கடற்கரைத் தடுப்புக்கும் பூங்காவின் நீர்க்கால்களுக்கும் போயின. பியூனா விஸ்டா பூங்காவில் நடப்பவர்கள் வாய்க்கால் ஓரத்தில் பெயர் பொறித்த கல்துண்டுகளை இன்றும் பார்க்கலாம்.

இப்படி வந்தவர்களை ஏற்றுக்கொண்ட ஊர்தான் கோல்மா. 1924இல் தனி ஊராட்சியாக அமைந்தது. இன்று அங்கே உயிரோடு வாழ்பவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்; மண்ணுக்குள் இருப்பவர்கள் ஏறக்குறைய 15 லட்சம் பேர். ‘லீவைஸ்’ ஜீன்ஸ் கால்சட்டைக்குப் பெயர் தந்த லீவை ஸ்ட்ராஸ் அங்கேதான் இருக்கிறார். 1859இல் தம்மைத் தாமே அமெரிக்காவின் சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டு, தம் பெயரிலேயே பணத்தாள் அச்சிட்டு, அந்தத் தாளை ஊராரும் மதித்து வாங்கிக்கொண்ட நார்ட்டன் என்ற மனிதரும், 1880இல் இறந்து சான் பிரான்சிஸ்கோவில் புதைக்கப்பட்டவர், 1934இல் இங்கே குடிபெயர்க்கப்பட்டார். சக்கரவர்த்திக்கே நோட்டீஸ்! இத்தனை பேர் உறங்கும் அந்த ஊரார் தங்களுக்கு வைத்துக்கொண்ட வாசகம், ‘கோல்மாவில் உயிரோடு இருப்பது மகிழ்ச்சி’ என்பது. 15 லட்சம் கல்லறைகளுக்கு நடுவே நின்றுகொண்டு சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு இருக்கிற கனத்தை அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெயரைத்தான் பக்கெட்ஹெட் தம் தொகுப்புக்கு வைத்தார். அவருடைய தாயார் அப்போது பெருங்குடல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். உடல் தேறிவரும் நாள்களில் அந்த அம்மையார் மகிழ்ந்து கேட்கும்படி ஒரு தொகுப்பு செய்ய வேண்டும் என்று மகன் விரும்பினார். அதுவரை அசுர வேகத்துக்கும் இரைச்சலுக்கும் பெயர்பெற்ற கை, வேகத்தை ஒதுக்கிவைத்தது. பதின்மூன்று உருப்படிகள். ‘அம்மாவுக்காக’ என்று ஒன்று, ‘அப்பாவுடன் படகுகளைப் பார்த்துக்கொண்டு’ என்று ஒன்று. ‘நித்தியத்தின் குன்றுகள்’ என்ற உருப்படி கோல்மாவில் உள்ள ஒரு யூதக் கல்லறைத் தோட்டத்தின் பெயரையே தாங்கியது.

‘பிக் சர் மூன்’ என்ற உருப்படி ஏறக்குறைய ஒரு நிமிடந்தான் ஓடும். மின்னிணைப்பு இல்லாத கிட்டாரின் ஒலியை எதிரொலிக் கருவி வழியே விட்டிருக்கிறார். மீட்டிய சுரம் சற்றுத் தாமதித்துத் திரும்பி வர, அது வரும் இடைவெளியில் அடுத்த சுரத்தை வைக்கிறார். வில்லுப்பாட்டில் புலவர் ஓரடி சொல்ல, பின்னால் இருப்பவர் ‘ஆமா’ போடுவது போல, ஒருவர் வாசிப்பதே இருவர் உரையாடலாகக் கேட்கிறது. வாசிப்பவர் அவசரப்பட்டால் இரண்டும் மோதிக் குழம்பிவிடும். எதிரொலி திரும்பும் கணக்கை விரல் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பிரையன் மான்டியாவின் டிரம்ஸும் தொகுப்பு முழுவதும் அடக்கமாகவே வருகிறது. படுக்கையில் இருப்பவர் திடுக்கிட்டு எழும்படியான ஒலி மிக மிக அரிது. நூற்றுக்கணக்கான தொகுப்புகள் செய்த மனிதரின் தலைசிறந்த படைப்பு எது என்று என்னைக் கேட்டால், ஒரே ஒரு கேட்பவரை மனத்தில் வைத்துச் செய்த இதைத்தான் சொல்வேன்.

இங்கேதான், மருத்துவர் அம்மா, உங்களிடம் வருகிறேன். நம் மருத்துவமனை வார்டுகளில் நோயாளியின் காதுக்கு நாம் என்ன தருகிறோம்? என் தாயார் அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்திருந்த வார்டில், சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் பகல் முழுவதும் சீரியல் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட் யாரிடம் இருக்கிறது என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அந்தக் காட்சி என் கண்ணை விட்டு அகலவில்லை. வார்டுகளில் நோயாளிக்கு இதமான இசை கிடைக்க வேண்டும் என்ற இந்த இயக்கத்தில் நான் இறங்கியதற்கு அதுவே காரணம்.

இது வெறும் இசைப் பித்தின் பேச்சு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பக்கெட்ஹெட் 118 தொகுப்புகள் வெளியிட்ட அதே 2015ஆம் ஆண்டில், லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிறரும் 73 மருத்துவச் சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்னரோ, நடக்கும்போதோ, பின்னரோ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன; வலி மருந்தின் தேவையும் குறைந்தது. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஓரளவு பயன் இருந்தது. இசையைத் தேர்ந்தெடுத்தவர் நோயாளியா பிறரா என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்வதே நம் கோரிக்கைக்கு வலிமை. மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு புற்றுநோயாளிகளைப் பற்றி வெளியிட்ட தொகுப்பாய்வுகளும் பதற்றமும் வலியும் குறைய இசை உதவக்கூடும் என்றே சொல்கின்றன. வலிக்கான ஊசிக்கு மாற்றாக இசையை வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஊசியோடு இதுவும் இருக்கட்டும் என்கிறேன்.

வார்த்தை இல்லாத இசை வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. பொது வார்டில் எல்லா மதத்தாரும், எல்லா வயதினரும், வேறு வேறு மொழி பேசுகிறவர்களும் படுத்திருக்கிறார்கள். பாட்டு என்றால் யாருடைய பாட்டு என்ற கேள்வி வரும், பழைய நினைவுகள் கிளம்பும், சிலருக்கு அழுகை வரும். தந்தி இசைக்கு அந்த வழக்கு இல்லை. கிட்டாரே வேண்டும் என்பதும் இல்லை. வீணையோ கோட்டுவாத்தியமோ புல்லாங்குழலோ தாராளமாக ஒலிக்கலாம்.

நேரம் ஆகிறது என்று தலைவர் ஐயா அன்போடு மணியைப் பார்க்கிறார். விற்பனை பற்றிய செய்தியை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். கோரிக்கையை மட்டும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். பிற்பகலில் இரண்டு மணி நேரம் வார்டுத் தொலைக்காட்சியை நிறுத்த வேண்டும். வார்டுக்குச் சில எளிய ஒலிக்கருவிகளும் ஹெட்போன்களும் வேண்டும். கிருமித் தொற்றுக்கு இடமில்லாதபடி காதுறைகள் ஆளுக்கு ஆள் மாற்றப்பட வேண்டும். யாருக்கு எப்போது தருவது என்பதை வார்டு சிஸ்டரே முடிவு செய்ய வேண்டும். முதல் வாரம் அவர்களுக்கு இது கூடுதல் சுமையாகத் தோன்றும் என்பதை அறிவேன். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். இதுவும் அப்படியே பழகிவிடும். கருவிகளை வாங்க நன்கொடையாளர்கள் முன்வந்திருக்கிறார்கள். உரிமை பெறாமல் எவருடைய ஒலிப்பதிவையும் நகலெடுத்துப் போட நமக்கு உரிமை இல்லை என்பதால், மாஸ்டரும் அவருடைய மாணவர்களும் தாங்களே வாசித்து இரண்டு மணி நேர இசையைப் பதிந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அவையின் சார்பில் கைதட்டுங்கள்.

மருத்துவமனை முதல்வருக்கு எழுதிய மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயரும் கையெழுத்தும் போதும். தொலைபேசி எண் தேவையில்லை. கூட்டம் முடிந்ததும் அதை மருத்துவர் அம்மாவின் கையில் ஒப்படைக்கிறோம். வரும் வாரம் முதல்வரை நேரில் பார்க்கும்போது எங்களோடு வருவதாகத் தாளாளர் அவர்களும் சற்றுமுன் வாக்களித்திருக்கிறார். வணக்கம்.