ரசீது வைத்திருந்த லொல்லியா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு. எதிரணி ஐயா என் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

ரோமானியப் பெண்ணுக்கு நகை ஆசையா, ஆதரவா என்பது தலைப்பு. ஆதரவு, அதாவது கஷ்டத்தில் கைகொடுப்பது, என்று பேச வந்தவள் நான். கி.மு. 215-இல் ஓப்பியஸ் சட்டம் வந்தது, ஒரு பெண் அரை அவுன்சுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது, நம் கணக்கில் இரண்டு பவுன்கூடத் தேறாது, இருபது வருஷம் பொறுத்த பெண்கள் 195-இல் தெருவில் இறங்கி அதை ரத்து செய்ய வைத்தார்கள் என்று அழகாகத் தொடங்குவதாக இருந்தேன். ஐயா விடவில்லை. "நகைக்கான கணக்குச் சீட்டோடு விருந்துக்குப் போனாளே ரோமானியச் சீமாட்டி லொல்லியா பவுலினா, அது ஆதரவா? வியாதி!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, லொல்லியா வீட்டுக்கே போவோம்.

அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி அவளை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அரசு விழாகூட இல்லை, சாதாரண நிச்சயதார்த்த விருந்து. தலையில், கூந்தலில், காதில், கழுத்தில், விரலில் மரகதமும் முத்தும் மாறி மாறி மின்னுகின்றன. ரோமுக்குப் போன முத்தில் கொற்கை முத்தும் உண்டு, ஆகவே இந்த வழக்கில் நமக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ், அது ரோமானிய நாணயம். அன்றைக்கு ஒரு படைவீரனுக்கு வருஷச் சம்பளம் 900. அவன் சாப்பிடாமல் கொள்ளாமல் சேர்த்தாலும் 44,000 வருஷம் தாண்டும். யாராவது கேட்டால் போதும், கணக்கை எடுத்துக் காட்ட அவள் தயாராக இருந்தாளாம். அந்தச் சொத்து அவள் தாத்தா மாகாணங்களில் சுருட்டியது என்றும் பிளினி சொல்கிறார். ஐயா அதைச் சொல்ல மறந்துவிட்டார், நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆனால் அவள் ஏன் ரசீது வைத்திருந்தாள் என்று ஐயா யோசித்தாரா? கட்டியவன் யார்? பேரரசன் காலிகுலா. எப்படிக் கட்டினான்? அவள் ஏற்கெனவே கல்யாணமானவள். புருஷன் மாகாண ஆளுநர். இருவரும் தூர தேசத்தில் இருக்கிறார்கள். இங்கே ரோமில் யாரோ பேரரசனிடம், "அவள் பாட்டி அந்தக் காலத்தில் பேரழகி" என்று சொல்லிவிட்டார்கள். பாட்டி! உடனே ஆள் அனுப்பிப் பேத்தியை வரவழைத்து, புருஷனிடமிருந்து பிரித்து, கல்யாணம் செய்துகொண்டான். பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பார்கள். விவரமானவர்கள் மாமியாரையும் பார்த்துக்கொள்வார்கள். பாட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு மாலை மாற்றியவன் இவன் ஒருவன்தான். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறார்கள், இன்னொரு முறை சொல்கிறேன். பாட்டி!

சில மாதத்தில் விரட்டிவிட்டான். விரட்டும்போதே, இனி எவனும் இவளைத் தொடக் கூடாது என்று ஓர் உத்தரவு வேறு. இப்படிப்பட்டவன் வீட்டை விட்டு வெளியே வருகிறவளிடம் ஊர் முதலில் என்ன கேட்கும்? "இந்த மரகதம் அரண்மனையில் எடுத்ததா?" அதற்குத்தான் ஐயா ரசீது. பேரரசன் கொடுத்தது இல்லை, பரம்பரைச் சொத்து என்று பிளினியே எழுதுகிறார். எங்கள் அத்தை பீரோவில் சேலைக்கு அடியில் நகைக்கடை பில்லெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அத்தைக்கு லொல்லியாவைத் தெரியாது. மாமாவைத் தெரியும்.

அந்த ரசீது அவளைக் காப்பாற்றியதா என்று ஐயா எழுந்து கேட்பார். கி.பி. 49-இல் அடுத்த பேரரசன் கிளாடியஸின் மனைவி அக்ரிப்பினா அவளை நாடு கடத்த வைத்து, அத்தனை சொத்தில் 50 லட்சம் மட்டும் விட்டுவைத்து, பிறகு உயிரையும் வாங்கிவிட்டாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்ததுக்குப் போகிறேன்.

வியாதி பெண்களுக்குத்தானா? நோனியஸ் என்று ஒரு செனட்டர். அவர் மோதிரத்தில் ஹேசல் கொட்டை அளவு ஓப்பல் கல், 20 லட்சம் பெறும். அதற்கு ஆசைப்பட்டு, அப்போது ரோமை ஆண்ட மூவரில் ஒருவனான மார்க் ஆண்டனி அவர் பெயரைத் தண்டனைப் பட்டியலில் சேர்த்தான், அதில் பெயர் வந்தால் உயிருக்கே ஆபத்து. கல்லைக் கொடுத்துவிட்டுப் பிழைத்திருக்கலாம். அவரோ வீடு, வாசல், தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். ஐயா, அவருக்கு மீசை முளைத்திருந்தது.

முதல் மணி அடித்துவிட்டது. ஒன்றே ஒன்று.

1889-இல் ரோமில் டைபர் ஆற்றங்கரையில் நீதி மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கல் சவப்பெட்டி கிடைத்தது. பெயர் கிரெபெரேயா டிரிபைனா. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, வயது இருபது இருக்கலாம். பெட்டிக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. தங்கத்தில் பச்சைக் கல் கோத்த மாலை, செவ்வந்திக்கல் வைத்த ஊசி, அப்புறம் ஒரு மோதிரம். அதன் சிவப்புக் கல்லில் பிலேட்டஸ் என்று செதுக்கியிருக்கிறது. கட்டிக்கொள்ள இருந்தவன் பெயராக இருக்கும் என்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு தந்தப் பொம்மை. கை கால் மடங்கும். ரோமில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் தங்கள் பொம்மையைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். இவள் கொடுக்கவில்லை. கொடுக்க நாள் வரவில்லை. அந்தப் பொம்மையின் கையிலும் ஒரு தங்க மோதிரம் இருந்தது, குட்டிச் சாவி வைத்தது.

பெட்டியை மூடியவர்கள் அந்த மாலையைக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கலாம். 4 கோடி வராவிட்டாலும் நல்ல விலை வந்திருக்கும். யார் கேட்கப் போகிறார்கள்? அவள் விரலிலிருந்தும் கழற்றவில்லை, பொம்மை விரலிலிருந்தும் கழற்றவில்லை. ஐயா எழுந்து இதையும் வியாதி என்று சொல்லட்டும், நடுவர் அவர்களே, நான் உட்காருகிறேன்.