ஆவுளியாவும் ஒரு செய்திக்குறிப்பும்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள், உங்கள் இன்டர்ன்ஷிப் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். விஸ்காம் முடித்த கையோடு, கடல் உயிரினங்களைக் காக்க வேலை செய்யும் ஓர் அமைப்பில் மூன்று மாதம் இருந்தேன். மக்கள் தொடர்புப் பிரிவு. கொடுத்த உதவித்தொகை பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

இடம், பாக் விரிகுடா. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரை. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென்று வந்த முதல் பாதுகாப்பகம் அதுதான். நாட்டில் சுமார் 240 கடல்பசுக்கள்தான் மிச்சம், அதில் பெரும்பாலானவை நம் கரையோரம் என்பது அப்போது அரசு சொன்ன கணக்கு.

முதல் வேலையாக ஒரு போஸ்டர் செய்யச் சொன்னார்கள். படத்துக்காக இணையத்தில் துழாவினேன். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீரில் பச்சைப்புல் மேயும் கடல்பசு ஒன்று கிடைத்தது. எகிப்துப் பக்கம் செங்கடலில் எடுத்த படம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மல்லிப்பட்டினம் பக்கத்தில் வலை பழுது பார்க்கும் கொட்டகை ஒன்றில் கொண்டுபோய் ஒட்டினேன். வலை முடிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா, இது எந்த ஊரு கடலு?"

பதில் சொல்ல வரவில்லை. நம் கடல் ஆழம் குறைவு, சேறு கலங்கி நிற்கும். அந்த நீலம் அங்கே யாருக்கும் பழக்கமில்லை.

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"கடல்பசு, தாத்தா."

"ஆவுளியாவா? அதச் சொல்ல வேண்டியதுதானே."

அவ்வளவுதான். திரும்பவும் வலைக்குக் குனிந்துவிட்டார். அன்று சாயங்காலமே போஸ்டரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அடுத்த போஸ்டரில் 'ஆவுளியா' என்று பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் 'கடல்பசு'. படத்துக்குப் பதிலாகக் கோட்டோவியம்.

ஆவுளியா நம்மைப்போல நுரையீரலால் மூச்சு விடுகிற பாலூட்டி. சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்தே ஆகவேண்டும். வலையில் மாட்டினால் மேலே வரமுடியாமல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தின்பது கடல்தாழை, கடலடியில் வளர்கிற புல். அது மேய்ந்துபோன இடம் ஏர் ஓட்டிய சால் மாதிரி கோடு கோடாகத் தெரியும் என்று எங்கள் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சால் என்றால் என்னவென்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாழைக்குள்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. ஒரு தாய் சில வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும். அதனால் ஒன்று செத்தாலே பெரிய நஷ்டம்.

இதெல்லாம் மீனவர்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டார்கள். 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு இது, புலி இருக்கிற அதே அட்டவணை. திருக்கை மீன் பிடிக்கிற வலைக்குக் கண் பெரிது, ஆவுளியா அதில் மாட்டிக்கொள்ளும். வேண்டுமென்று யாரும் பிடிப்பதில்லை. ஆனால் 'மாட்டுச்சு' என்று சொன்னால் கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம். உயிரோடு விடுவிக்கிறவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ரொக்கமும் தருகிறது. அந்தச் சேதி கரைக்குப் போய்ச் சேரவேண்டும், அதுதான் எங்கள் பிரிவின் வேலை.

அதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஊரில் மீனவர்கள் ராத்திரியில் வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விட்டார்கள். நான்தான் செய்திக்குறிப்பு எழுதினேன். தலைப்பு: 'வலையில் சிக்கிய கடல்பசு மீட்கப்பட்டது'. பத்திரிகையிலும் அப்படியே வந்தது. பெருமையோடு அந்த ஊருக்குப் போனேன். வலையை அறுத்த அண்ணன் பேப்பரை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"மீட்கப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. யாரு மீட்டா? மேலேருந்து யாராச்சும் எறங்கி வந்தாங்களா?"

கொஞ்சம் நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "சிக்குச்சுன்னு முதல்ல வருது. படிக்கிறவனுக்கு நான் அதுக்குன்னே வலை விட்ட மாதிரி இருக்கும்."

நாலே வார்த்தைத் தலைப்பு. அதில் குற்றவாளி இருக்கிறார், காப்பாற்றியவர் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் தலைப்பு எழுதப் படித்தேன், இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. அறுத்த வலை யாருடைய காசு என்றுகூட நான் எழுதவில்லை. அடுத்த தடவை, 'வலையை அறுத்து ஆவுளியாவை விடுவித்தனர் மீனவர்கள்' என்று எழுதினேன். அலுவலகத்தில் 'ஆவுளியா' சென்னை நிருபர்களுக்குப் புரியாதே என்றார்கள். புரியாவிட்டால் போன் பண்ணிக் கேட்கட்டும் என்றேன். இரண்டு பேர் கேட்டார்கள், அந்த இரண்டு பேரும் பெரிதாகவே எழுதினார்கள்.

மற்றபடி நிருபர் எண்களை எக்ஸெலில் ஏற்றுவது, பள்ளிக்கூடத்தில் மைக் டெஸ்ட் பண்ணுவது, வருகிற விருந்தாளிகளுக்கு மனோரா கோட்டையைச் சுற்றிக்காட்டுவது. சரபோஜி மன்னர் நெப்போலியன் தோற்ற சந்தோஷத்தில் கட்டிய கோட்டை அது. அந்தக் கதையை எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை.

கடைசி வாரம் ஒரு பையன் வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினான். படகில் எடுத்தது, நாற்பது விநாடி. இருட்டு, ஒரு டார்ச் வெளிச்சம், ஆடுகிற படம். "மெதுவாடா, வாலப் புடிக்காத" என்று யாரோ அதட்டுகிறார். பின்னணியில் புல்லாங்குழல் போடலாம் என்று அலுவலகத்தில் யோசனை வந்தது. நான் கெஞ்சிக் கூத்தாடி இசையே வேண்டாம் என்று நிறுத்தினேன். முகங்களை மட்டும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி மறைத்தோம்.

அந்த ஒலியில் ஏழு விநாடியை இப்போது ஒலிபரப்ப நிலையத்தார் சம்மதித்திருக்கிறார்கள். என்ஜின் சத்தத்துக்குப் பின்னால் 'புஸ்' என்று ஒன்று கேட்கும். விடுபட்ட ஆவுளியா மேலே வந்து மூச்சு விடுகிற சத்தம் அது. வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.