கண்ணாடிக்குள் நீளும் வெள்ளி

வணக்கம் நேயர்களே. கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளியை லேசரால் உருமாற்றுவதுதான் இன்றைய பேச்சு. என் மேசையில் எப்போதும் ஒரு மஞ்சள் கண்ணாடித் துண்டு கிடக்கும். அதில் மஞ்சள் சாயம் எதுவும் கிடையாது, இருப்பது வெள்ளி. வெள்ளியைச் சில பத்து நானோமீட்டர் (ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) அளவு உருண்டைகளாகக் கண்ணாடிக்குள் விட்டால், அதன் எலெக்ட்ரான்கள் நீல ஒளியோடு சேர்ந்து ஊசலாடி அதை விழுங்கிவிடும். மிச்ச ஒளிதான் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைகர்கஸ் கிண்ணம் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சைத் தாண்ட முடியாது. 4ஆம் நூற்றாண்டு ரோமானியர் வேலைப்பாடு. வெளியே இருந்து வெளிச்சம் விழுந்தால் பச்சை, உள்ளே விளக்கை வைத்தால் நல்ல சிவப்பு. தங்கமும் வெள்ளியும் கலந்த நுண்துகள்கள் செய்கிற வேலை அது. துகள் என்ன, அளவு என்ன என்று பார்க்க எந்தக் கருவியும் இல்லாத காலத்தில், உலைக்கு முன்னால் நின்றே இதைச் சாதித்திருக்கிறார்கள்!

சரி, லேசருக்கு வருவோம். துகளின் வடிவம் மாறினால் நிறமும் மாறும். ஆனால் இறுகிய கண்ணாடிக்குள் இருக்கும் துகளை எப்படித் தொடுவது? ஃபெம்டோ விநாடிக் கணக்கில் மட்டுமே நீடிக்கும் லேசர் துடிப்பால்தான். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடி கூறாக்கினால் ஒரு கூறு, அதுதான் ஃபெம்டோ விநாடி. 150 ஃபெம்டோ விநாடியில் ஒளியே ஒரு தலைமுடியின் தடிமனைக்கூடத் தாண்டாது. அவ்வளவு குறுகிய துடிப்பு துகள்மேல் விழும்போது, ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் ஆடுகிறதோ அந்தத் திசையில் எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியேறுகின்றன. எலெக்ட்ரானை இழந்து மிஞ்சிய வெள்ளி அயனிகள் ஒன்றையொன்று தள்ளி, அவற்றில் சில கழன்று வருகின்றன. வெளியே சிக்கிய எலெக்ட்ரான்களோடு சேர்ந்து மறுபடி வெள்ளியாகி இரண்டு முனைகளிலும் படிகின்றன. நூற்றுக்கணக்கான துடிப்புகளுக்குப் பிறகு உருண்டை நீண்டுபோகும். திரும்பச் சொல்கிறேன், கண்ணாடியை யாரும் உடைக்கவில்லை, உருக்கி ஊற்றவில்லை, உள்ளே இருக்கும் வெள்ளி மட்டும் உருமாறுகிறது.

லேசர் பட்ட இடத்தைப் போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள், அது ஒரே திசையில் ஆடும் ஒளியை மட்டும் உள்ளே விடும். ஒரு நிலையில் மஞ்சள். கூலிங் கிளாஸைக் கால் சுற்று திருப்பினால் அதே இடம் சிவப்புச் சாயலுக்குப் போகும். எத்தனை தடவை திருப்பினாலும் எனக்கு அலுப்பதில்லை.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். துடிப்பின் வலிமையைக் கூட்டினால் துகள் நீளாமல் தட்டையாகும் என்பதையும், இந்த முறையில் கண்ணாடிக்குள் தகவலைப் பதிக்கலாம் என்பதையும் விரித்துச் சொல்ல நினைத்திருந்தேன். இது மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்தத் துண்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், நீண்ட வெள்ளி மறுபடி உருண்டையாகும், கண்ணாடியும் பழைய மஞ்சளுக்கே வந்துவிடும். நன்றி, வணக்கம்.