இரண்டு வாரம் இன்னொரு வீட்டுப் பிள்ளை: பிரிஸ்பேன் போகும் ஜப்பானிய மாணவர்கள்

[திரையில்: விமான நிலையம். சீருடையில் மாணவர்கள், பக்கத்தில் பெரிய சூட்கேஸ்கள்.]

ஜப்பானில் ஜூலை கடைசியில் கோடை விடுமுறை தொடங்கும். அந்த நாட்களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்புவார்கள். இரண்டு, மூன்று வாரப் பயணம். பகலில் ஆங்கில வகுப்பு. மாலையானால் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீடு. இதைத்தான் ஹோம்ஸ்டே என்கிறோம்.

நாம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் கோபே நகரமும் பிரிஸ்பேனும் 1985 முதல் சகோதர நகரங்கள். டோக்கியோவிலிருந்து விமானத்தில் சுமார் 9 மணி நேரம். நேர வித்தியாசம் ஒரு மணிதான். ஆனால் பருவம் தலைகீழ். ஆகஸ்ட் வெயிலில் வியர்க்க வியர்க்கக் கிளம்பியவர்கள் குளிர்காலத்தில் போய் இறங்குவார்கள். பகல் இதமாக இருக்கும். இரவில் இன்னொரு போர்வை வேண்டும். வேண்டுமென்றால் கேட்க வேண்டும். அங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

[திரையில்: ஜப்பானியக் குளியலறையின் படம். தொட்டி ஒரு பக்கம், உட்கார்ந்து குளிக்கும் இடம் ஒரு பக்கம்.]

முதலில் குளியல். ஜப்பானிய வீடுகளில் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவார்கள். ஒருவர் எழுந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவதில்லை. அதே நீரில் அடுத்தவர் இறங்குவார். அப்படி நிதானமாகக் குளித்துப் பழகிய பிள்ளையிடம், "சீக்கிரம் குளித்துவிட்டு வந்துவிடு" என்று புது வீட்டில் சொன்னால் முகம் சுருங்கிவிடும். நம்மைப் பிடிக்கவில்லையோ என்று தோன்றும்.

காரணம் வேறு. 2007-இல் பிரிஸ்பேன் பகுதியில் கடும் வறட்சி. அணைகளில் தண்ணீர் 20 சதவீதத்துக்கும் கீழே போனது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர் என்று அரசு இலக்கு வைத்தது. நான்கு நிமிடத்தில் குளித்து முடிக்கச் சொல்லி வீடுகளுக்கு டைமர் கொடுத்தார்கள். வறட்சி போய்விட்டது. தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கும் பழக்கம் பல வீடுகளில் தங்கிவிட்டது. கிளம்புவதற்கு முன்பே இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பேன். ஒரு ராத்திரி அழுகை மிச்சமாகும்.

[திரையில்: சாப்பாட்டு மேசை. ஒரு தட்டு காலியாக இருக்கிறது.]

சரி, இப்போது சாப்பாட்டு மேசை. ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பசி இருக்கிறது. வீட்டம்மா "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்கிறார். அவள் "வேண்டாம்" என்கிறாள். ஜப்பானிய மொழியில் என்ரியோ என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சிரமம் தரக்கூடாது என்று தன் ஆசையை அடக்கிக்கொள்வது. நல்ல வளர்ப்பின் அடையாளம் அது. அவள் வீட்டில் என்றால் இன்னொரு தடவை கேட்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம். இங்கே முதல் "வேண்டாம்" வந்ததும் பாத்திரம் உள்ளே போய்விடுகிறது. பாவம், அந்த வீட்டம்மா மேலும் தப்பில்லை. அவர் விருந்தாளியின் சொல்லை மதிக்கிறார்.

இதைவிட நுணுக்கமான ஒரு சிக்கல் இருக்கிறது. "டோன்ட் யூ லைக் இட்?", அதாவது "உனக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். அவளுக்கு சூப் ரொம்பப் பிடித்திருக்கிறது. "நோ" என்கிறாள். அவள் கணக்கில் அதற்கு "நீங்கள் நினைப்பது சரியில்லை, எனக்குப் பிடிக்கும்" என்று பொருள். கேட்டவர் காதில் "பிடிக்கவில்லை" என்று விழுகிறது. தமிழ் பேசும் நமக்கு இது சட்டென்று புரியும். "நீ போகலையா?" என்று கேட்டால் "ஆமா, போகலை" என்றுதானே சொல்கிறோம்? ஜப்பானிய மொழியும் அப்படித்தான். கேள்வியில் இருக்கும் கூற்று சரியா தப்பா என்று பதில் சொல்லும். ஆங்கிலத்தின் எஸ், நோ அந்தக் கூற்றைப் பார்க்காது. உனக்குப் பிடிக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் அதற்கு.

ஜப்பானில் 2020 முதல் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பிலேயே ஆங்கிலம் ஒரு பாடம். வாக்கியம் அமைக்க அவளுக்குத் தெரியும். தெரியாதது, தனக்கு என்ன வேண்டும் என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது. அதைச் சொல்வது மரியாதைக் குறைவு என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். இரண்டு வாரத்தில் உச்சரிப்பு பெரிதாக மாறிவிடாது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. இந்தத் தயக்கம் கொஞ்சம் தளர்ந்தால் போதும்.

[திரையில்: அதே மேசை. பத்தாம் நாள்.]

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

அவள் தட்டைப் பார்க்கிறாள். கையை நீட்டி, கரண்டியில் அளவைக் காட்டுகிறாள்.

"பாதி. அந்த உருளைக்கிழங்கு மட்டும், ப்ளீஸ்."