ரைபோசோம்: செல்லுக்குள் ஒரு பூக்கடை

[காட்சி: கேம்பல் லேன் பூக்கடை. மல்லிகை தொடுக்கும் விரல்கள்.]

வணக்கம். சிங்கப்பூரின் தேக்கா பக்கம் போனால் இந்தக் கடை முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நான்கு மல்லிகை, ஒரு ரோஜா, ஒரு முடிச்சு. பார்த்துக்கொண்டே இருக்கலாம். உங்கள் உடம்பிலும் இப்போது இதே வேலைதான் நடக்கிறது. ஒரு செல்லுக்குள் லட்சக்கணக்கான ரைபோசோம்கள் அமினோ அமிலங்களைச் சரமாகத் தொடுக்கின்றன. அந்தச் சரம்தான் புரதம்.

[காட்சி: செல்லின் கரு. ஒரு சீட்டு வெளியே வருகிறது.]

எதற்கு அடுத்து எது என்ற வரிசை டிஎன்ஏவில் இருக்கிறது. அது கருவைவிட்டு வராது; நகல் சீட்டுதான் வரும். அதன் பெயர் தூது ஆர்என்ஏ. ரைபோசோமில் இரண்டு துண்டுகள். சிறியது சீட்டை வாசிக்கும், பெரியது முடிச்சுப் போடும்.

வாசிப்பு மும்மூன்று எழுத்தாக. ஏயூஜி வந்தால் தொடக்கம். அப்புறம் ஒவ்வொரு மூன்றுக்கும் பொருந்தும் டிஆர்என்ஏ என்ற சுமைதூக்கி மூலக்கூறு, தன் அமினோ அமிலத்தை ஏந்தி வந்து உட்காரும். பொருந்தாதது திரும்பிப் போய்விடும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புதுப் பூ சரத்திடம் போவதில்லை. அதுவரை தொடுத்த சரம் முழுவதும் புதுப் பூவின் கைக்கு மாறுகிறது! உடனே ரைபோசோம் மூன்று எழுத்து நகரும். நம் செல்களில் நொடிக்குச் சுமார் 5 முறை.

[காட்சி: பெரிய துண்டின் உட்புறம், அருகில்.]

சரி, முடிச்சைப் போடுவது யார்? ஏதோ ஒரு புரதம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2000இல் பெரிய துண்டை அணு அணுவாகப் பார்த்தபோது, முடிச்சு விழும் இடத்தில் இருந்தது ரைபோசோமின் சொந்த ஆர்என்ஏ. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. உயிரின் தொடக்கத்தில், புரதங்களுக்கு முன்பே ஆர்என்ஏ வேலை செய்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது பெரிய பலம். ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009இல் வேதியியல் நோபல் பெற்றவர்கள் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத், நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

யூஏஏ, யூஏஜி, யூஜிஏ: இவற்றில் ஒன்று வந்தால் சரம் முடிந்தது, ரைபோசோமிலிருந்து விடுபட்டுப் போகும்.

[காட்சி: சுரங்கம் போன்ற பாதை. நடுவே ஒரு மருந்து மூலக்கூறு.]

சரம் வெளியேற பெரிய துண்டில் ஒரு குறுகிய பாதை உண்டு. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவின் ரைபோசோமில் அந்தப் பாதைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சரம் பாதியிலேயே சிக்கும். நம் ரைபோசோமில் அதே இடத்தில் ஓர் ஆர்என்ஏ எழுத்து வேறு. அதனால் மருந்து அங்கே சரியாக ஒட்டாது; நம் சரம் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும்.